ரப்பர் அத்தான் அழித்த ஏழு மூச்சு

எங்கள் அத்தான் இருபத்திரண்டு வருடமாக ஒரு பெரிய இசைக்குழுவில் இருக்கிறார். இந்த அளவோடு நிறுத்திக்கொண்டால் கேட்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். "அடேயப்பா, என்ன வாசிக்கிறார்?" என்று அடுத்த கேள்வி வரும். அங்கேதான் நான் பேச்சை மாற்றப் பார்ப்பேன். அவர் எதையும் வாசிப்பதில்லை. வாசிப்பவர்கள் எழுதி வைத்ததை அழிக்கிறார்.

ஏதோ நாசவேலை என்று நினைத்துவிடக் கூடாது. எழுபத்து நான்கு பேர் மேடையில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்றால், ஒவ்வொருவர் பங்குக்கும் அச்சடித்த தாள் ஸ்டாண்டில் இருக்கும். அந்தத் தாள்கள் பெரும்பாலும் இரவல். ஓர் இசை நிறுவனம் பெட்டி பெட்டியாக அனுப்பும், கச்சேரி முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும். இடையில் வாசிப்பவர்கள் அதன்மேல் பென்சிலால் தங்கள் ஞானத்தையெல்லாம் இறக்கி வைப்பார்கள். இங்கே வில்லை மேலே இழு, அங்கே மூச்சு வாங்கு. முன்னால் நின்று கையசைத்துக் குழுவை நடத்துகிறவர் கண்டக்டர்; 'அவரைப் பார்' என்பதற்கு ஒரு மூக்குக் கண்ணாடிப் படம். முன்னால் உட்கார்ந்திருப்பவரின் வழுக்கையை நிழல் கொடுத்து வரைந்தவர்களும் உண்டு. திரும்பிப் போகும்போது இதெல்லாம் போயிருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். போக்குகிறவர் அத்தான்.

அரங்கத்தின் அடித்தளத்தில், வெந்நீர்க் குழாய்கள் ஓடுகிற நடைவழியின் கடைசியில் அவருடைய அறை. ஒரு நீள மேசை, கழுத்தை வளைக்கும் விளக்கு, மூன்று வகை ரப்பர், துகளைத் தட்ட ஒரு பெயின்ட் பிரஷ், கறுப்பு ஏப்ரன். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்து, பென்சில் அழுத்திய பள்ளம்கூடத் தெரியாமல் அழிப்பதில் அவர் மன்னர். குழுவில் எல்லோரும் அவரை 'ரப்பர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று நினைத்து நகர்ந்து வழிவிடுவார்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு விரோதி. குழுவின் பெரிய மேளக்காரர். ஆறடி இரண்டங்குலம். பித்தளைக் குடம் போன்ற நான்கு மேளங்களுக்கு நடுவில் நின்று அடிப்பவர். அவர் பேனாவால் எழுதுவார். நீலப் பேனா. "பென்சில் எனக்குக் கண்ணுக்குத் தெரியலப்பா" என்பது அவர் வாதம். "அப்ப கண் டாக்டரைப் பாரு, என் தாளைப் பார்க்காத" என்பது அத்தான் வாதம். அதோடு பேச்சுவார்த்தை முறிந்து நான்கு வருடம் ஆகிறது.

இந்தப் பெருமைகளில் எதுவும் என் அக்காவைத் தொட்டதில்லை. அக்காவுக்குப் பேருந்துக் கம்பெனியில் கால அட்டவணை போடுகிற வேலை. எந்த வண்டி எந்த நிறுத்தத்தில் எத்தனை நொடி நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறவள். இருபத்திரண்டு வருடத்தில் கணவரின் குழு நடத்திய ஒரு கச்சேரிக்குக்கூட அவள் போனதில்லை. ஒருமுறை அத்தான் இலவச டிக்கெட் இரண்டு கொண்டுவந்து நீட்டினார்.

"எதுக்குங்க? நீங்க வாசிக்கப் போறீங்களா?"

"இல்ல."

"அப்ப அழிக்கிறதை மேடையில வச்சுச் செய்யப் போறீங்களா?"

அத்தான் டிக்கெட்டை என்னிடம் நீட்டினார். நான் போய்த் தூங்கிவிட்டு வந்தேன்.

ஆனால் அக்காவுக்கும் ஒரு பக்தி இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குத் தொலைக்காட்சியில் வந்த 'ஏழாம் வளையம்' என்ற விண்வெளித் தொடர். பதினொரு வருடம் ஓடி முடிந்து, பிறகு மூன்று முறை மறு ஒளிபரப்பாகி, இன்னும் எங்கள் வீட்டில் முடியாத தொடர். கதை இதுதான்: ஏதோ ஒரு கிரகத்தைச் சுற்றியிருக்கும் ஏழாவது வளையத்தில் ஒரு பழைய கப்பல் சுற்றிச் சுற்றி வருகிறது. அதன் தலைவி விண்வெளிக் குப்பையைப் பொறுக்குகிறாள். உடைந்த செயற்கைக்கோள், கழன்ற ஆணி, யாரோ விட்டுப்போன கையுறை. பதினொரு வருடமும் அவள் பொறுக்கிக்கொண்டேதான் இருந்தாள். அந்தத் தலைவி ஒரு ஆணியைப் பொறுக்கினால் அக்காவின் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும்.

"என்ன பொறுமை பார்த்தியாடா! அடுத்தவன் போட்ட குப்பை. ஒரு முணுமுணுப்பு உண்டா?" என்பாள் என்னிடம். அதே அறையில், ஏப்ரனில் ரப்பர் துகளோடு, அத்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். வானத்தில் சுத்தம் செய்தால் வீரம். அடித்தளத்தில் செய்தால் வேலை வெட்டி இல்லாத ஆள். இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கும் அந்த வீட்டில்தான் சாப்பாடு.

இப்படியிருக்க, போன வருடம் இசைக்குழுவின் மேனேஜர் அம்மாவுக்கு ஒரு ஞானோதயம் வந்தது. செத்துப்போன மேதைகளின் இசைக்கு அரங்கத்தில் நாற்பது பேர் வருகிறார்கள், அதிலும் முப்பது பேர் இருமுகிறார்கள். 'ஏழாம் வளையம்' தொடரின் இசையை முழுக் குழுவோடு, மேலே பெரிய திரையில் காட்சிகளோடு வாசித்தால்? ஊர் ஊராக வெவ்வேறு குழுக்கள் அதை ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தன. அறிவித்த மூன்றாம் நாளே இரண்டாயிரம் இருக்கையும் தீர்ந்தது. வாசிப்பவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். இருமல் இல்லாத கூட்டத்தின் முன்னால் வாசிக்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் அத்தான் செய்தியைச் சொன்னபோது அக்கா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எந்தக் குழு? உங்க குழுவா?"

"எங்க குழுதான்."

"நிஜமாவா? அந்தத் தாளெல்லாம் உங்க கைக்கா வரும்?"

"என் கைக்குத்தான் வரும். வேற யார் கைக்கு வரும்?"

அக்கா அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று அத்தான் என்னிடம் பிறகு சொன்னார். சொல்லும்போது ஏப்ரனை நீவிவிட்டுக்கொண்டார்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. அக்காவின் ரசிகர் வட்டத்தில் பதினான்கு பேர். தலைவர், ஓய்வுபெற்ற ஒரு பல் டாக்டர். அத்தனை பேருக்கும் அக்கா செய்தி அனுப்பினாள்: 'மியூசிக்கை என் வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்கிறார்.' பல் டாக்டர் உடனே பதில் போட்டார்: 'கடைசிக் காட்சி சரியாக இருக்குமா?' அக்கா போட்ட பதில்: 'அவர் இருக்கும்போது என்ன கவலை.' இதை அத்தானிடம் காட்டினாள். அவர் மூன்று முறை படித்தார். ஆக, இதில் தனக்கு என்ன வரும், என்ன போகும் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது: கடைசிக் காட்சி சரியாக இருந்தால் அக்கா வாழ்நாளில் ஒருமுறை பதினான்கு பேர் முன்னால் அவரைப் பற்றித் தலைநிமிர்ந்து பேசுவாள். கெட்டால், மிச்ச ஆயுள் முழுக்க வியாழக்கிழமைதோறும் அந்தத் தலைவியின் புகழைக் கேட்டபடி சாப்பிட வேண்டியதுதான். கடைசிக் காட்சியில் என்ன இருக்கிறது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டால், பதினொரு வருடம் அதே அறையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் ஒரு நாள்கூடத் திரையைப் பார்க்கவில்லை என்பது வெளியே வந்துவிடும்.

கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பு பெட்டிகள் வந்தன. திறந்து பார்த்த அத்தானுக்கு ரத்தம் கொதித்தது. முந்தைய ஊர்க் குழு தாள்களை அழிக்காமலே நிறுவனத்துக்கு அனுப்பி, நிறுவனமும் அப்படியே இங்கே தள்ளிவிட்டிருந்தது.

"எச்சில் தட்டுல எனக்குச் சோறு போடுறான் மச்சான்!" என்று என்னிடம் போனில் கத்தினார். "ஒவ்வொரு தாள்லயும் கிறுக்கல். அதுவும் கடைசிப் பக்கத்துல, அத்தனை பேர் தாள்லயும், ஒரே இடத்துல ரெண்டு சாய்ஞ்ச கோடு, பக்கத்துல ஒரு நம்பர். எல்லாரும் பேசி வச்சுக்கிட்டுக் கிறுக்கியிருக்கானுங்க."

"அது ஏதாவது முக்கியமா இருக்கப் போகுது அத்தான்."

"அச்சுல இருக்கறதுதான் முக்கியம். மத்ததெல்லாம் ஊர் அழுக்கு."

மூன்று நாள் உட்கார்ந்து அழித்தார். கண்டக்டருக்கான பெரிய புத்தகத்தையும் விட்டுவைக்கவில்லை. அக்காவின் கூட்டம் வரப்போகிறதே என்று வழக்கத்தைவிட அதிக அக்கறையோடு, பள்ளம்கூட இல்லாமல் அழித்தார். அந்தத் தாள்கள் அச்சகத்திலிருந்து வந்தபோதுகூட அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது.

கச்சேரி ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு. காலையில் ஒரே ஒரு ஒத்திகை. வழக்கமான கண்டக்டர் இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டதால் வேறொருவரைப் பிடித்து வந்திருந்தார்கள். அந்தப் புதியவர் செத்துப்போன மேதைகளைத் தவிர யாரையும் மதிக்காதவர், தொடரின் பெயரையே 'எட்டாம் வளையம்' என்று இரண்டு முறை சொன்னார். திரை மாட்டுகிற ஆட்கள் அதைத் தலைகீழாக மாட்டிவிட்டுக் கழற்றிக்கொண்டிருந்ததால் காட்சி இல்லாமலே ஒத்திகை நடந்தது. எல்லாம் அச்சில் இருந்தபடி ஒழுகி ஓடி முடிந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அத்தான் திருப்தியாகக் கீழே போய் ரப்பர்களைக் கழுவி வைத்தார்.

மூன்று மணிக்கு அரங்கத்தில் எள் போட்டால் எள் விழாது. பாதிப் பேர் வெள்ளி நிறச் சட்டை. குழந்தைகள் வடிகட்டியைத் தலையில் கவிழ்த்திருந்தன, சில பெரியவர்களும். அக்கா மூன்றாவது வரிசை. தலைவியின் ஹெல்மெட்டை அட்டையில் செய்து மாட்டியிருந்தாள். அதன் உதிரிக் குழாயை மடியில் வைத்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. இடப்பக்கம் பல் டாக்டர், வெள்ளித் துணியில் தைத்த மேலங்கியில். விளக்கு அணைந்தது. முதல் பகுதி நன்றாகவே போனது. நான் தூங்கவில்லை என்பதே அதற்குச் சான்று. பக்கத்து வரிசைகளில் ஆட்கள் அழுதுகொண்டிருந்தபோது எப்படித் தூங்குவது?

இடைவேளை இருபது நிமிடம். கூடத்தில் அத்தான் ஏப்ரனோடு எங்களைத் தேடி வந்தார். அக்கா ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கூட்டத்துக்கு அறிமுகம் செய்தாள்.

"இவர்தான். மியூசிக் முழுக்க இவர் பொறுப்பு."

அத்தான் மறுக்கவில்லை. பல் டாக்டர் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்களைத்தான் நம்பியிருக்கோம். கடைசிக் காட்சிக்கு நாங்க எல்லாரும் எழுந்து நிப்போம். அந்த ஏழு மூச்சுக்கு."

"எந்த ஏழு மூச்சு?" என்றார் அத்தான்.

பதினான்கு பேரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"என்னங்க இது? தலைவி இன்ஜினை நிறுத்திடுவா. தொட்டியில ஏழு மூச்சுக்குத்தான் காத்து இருக்கும். ஒண்ணொண்ணா மூச்சு விடுவா. அதுவரைக்கும் ஒரு சத்தம் இருக்காது. ஏழு முடிஞ்சதும் ஒத்தைப் புல்லாங்குழல் வரும், காப்பாத்த வர்ற கப்பலோட சிக்னல். அச்சடிச்சவன் அந்த மௌனத்தை விட்டுட்டான். சிடி போட்டு விக்கறதுக்கு எழுதினவனாச்சே, சும்மா இருக்கறதை யாரு காசு கொடுத்து வாங்குவான்னு நினைச்சிருப்பான். அதுக்கப்புறம் ஒவ்வொரு ஊர்லயும் வாசிக்கிறவங்களே பென்சில்ல போட்டுக்கிட்டாங்களாம். போன ஊர்ல பார்த்தவங்க எழுதியிருந்தாங்க. உங்க தாள்ல இருக்குமே, பார்க்கலையா?"

அத்தானுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு சாய்ந்த கோடு. பக்கத்தில் ஒரு எண். எழுபத்து நான்கு பேரின் தாளிலும். அவர் குப்பை என்று மூன்று நாள் உட்கார்ந்து அழித்தது அந்த மௌனத்தைத்தான். சத்தத்தை அழித்திருந்தாலாவது யாராவது ஒத்திகையில் கவனித்திருப்பார்கள்.

"இதோ வரேன்" என்று கிளம்பினார். தேநீரைக்கூட என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. ஆனால் எனக்கு எப்போதுமே அப்படித்தான் படும் என்பதால் பேசாமல் அந்தத் தேநீரையும் குடித்தேன்.

மேடைக்குப் பின்னால் நடந்ததெல்லாம் அவர் பிறகு சொன்னது. முதலில் கண்டக்டர் அறை. கண்டக்டர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"சார், கடைசிப் பாட்டுல, பெரிய மேள அடிக்கு முன்னால, ஒரு நிறுத்தம் வரணும். ஏழு மூச்சு."

"என் புத்தகத்துல இல்லையே."

"இருந்தது சார்." அத்தான் தொண்டையைச் செருமினார். இருபத்திரண்டு வருடத்தில் சொல்லாத வாக்கியம் அது. "நான்தான் அழிச்சேன்."

"நல்ல காரியம் பண்ணினீங்க" என்றார் கண்டக்டர், பழத்தைக் கடித்துக்கொண்டு. "ரசிகனுக்காக இசையை நிறுத்தற வழக்கம் எனக்கு இல்ல. அச்சுல என்ன இருக்கோ அதுதான் முக்கியம்."

தன் சொந்த வாக்கியத்தையே இன்னொருவர் வாயிலிருந்து கேட்பது எவ்வளவு அருவருப்பு என்று அத்தானுக்கு அன்றுதான் தெரிந்ததாம். கண்டக்டரின் புத்தகம் அவர் மடியிலேயே இருந்தது. அதைத் தொட முடியாது. ஆனால் மற்றவர்களின் தாள்கள் மேடையில், ஸ்டாண்டுகளில் இருந்தன. வயலின் மாதிரி வில்லால் வாசிப்பவர்களுக்கெல்லாம் இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு என்பதால் மொத்தம் நாற்பத்தாறு. இன்னும் பன்னிரண்டு நிமிடம்.

இங்கே ஒரு தொழில் ரகசியம். வாசிப்பவர்கள் கண்டக்டரை மதிக்கலாம், மதிக்காமலும் இருக்கலாம். தாளில் இருக்கும் பென்சில் குறிக்கு மட்டும் மறுபேச்சு கிடையாது. எழுதியிருந்தால் யாரோ யோசித்துத்தான் எழுதியிருப்பார்கள் என்று நம்பிச் செய்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த வேதத்தை அழித்தவருக்கு அதன் சக்தி தெரியாதா?

அரங்கத்துக்குள் நாங்கள் திரும்பி வந்தபோது மேடையில் ஒற்றை ஆள் ஓடிக்கொண்டிருந்தார். கறுப்பு ஏப்ரன், காதில் ஒரு பென்சில், கையில் ஒரு பென்சில். ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு தாவி, கடைசிப் பக்கத்தைப் புரட்டி, இரண்டு கோடு, ஒரு எண், அடுத்தது. அத்தான் எழுதி நான் பார்த்தது அன்றுதான்.

"டேய், அது உங்க அத்தான் இல்ல?" என்றாள் அக்கா.

"போலத்தான் இருக்கு."

"என்ன பண்றார்?"

நான் பதில் சொல்வதற்குள் பின்வரிசையில் ஒரு குழந்தை கத்தியது: "துப்புரவாளர்!" தொடரில் தலைவியின் பதவி அதுதான். ஏப்ரனும் ஓட்டமும் குனிந்து நிமிர்வதுமாக இருந்த அத்தானை, நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று கூட்டம் எடுத்துக்கொண்டது. அந்தத் தொடரில் ஒரு வணக்க முறை உண்டு: உள்ளங்கையை முன்னால் நீட்டிக் காற்றைத் துடைப்பது. முதலில் பத்துப் பேர். பிறகு நூறு. பிறகு பால்கனி வரைக்கும் எழுந்து நின்று காற்றைத் துடைத்தார்கள். அத்தான் நிமிர்ந்து பார்த்தார். ஆயிரம் பேர் தன்னைப் பார்த்து 'அழி, அழி' என்று சைகை காட்டுவதாக அவருக்குத் தோன்றியதாம். விஷயம் அதற்குள் ஊருக்கே தெரிந்து கேலி செய்கிறார்கள் என்று நினைத்து, ஒரு சலாம் போட்டுவிட்டு இன்னும் வேகமாக ஓடினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

அக்கா கையைத் தூக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

நாற்பத்தைந்து ஸ்டாண்டு முடிந்தது. மணி அடித்துவிட்டது. மிச்சம் ஒன்று: பெரிய மேளம். அந்த மௌனம் தொடங்க வேண்டிய இடத்தில்தான் அச்சின்படி மேளத்துக்கு உச்சபட்ச அடி. எழுபத்து மூன்று பேர் அடங்கி, அந்த ஒரு மனிதர் மட்டும் அடித்தால் தலைவிக்கு மூச்சு அங்கேயே நின்றுவிடும். மேளக்காரர் திரும்பி வந்து தோலில் காதை வைத்துச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் நான்கு வருடத்துக்குப் பிறகு அவர் முன்னால் போய் நின்றார். அதற்குள் பென்சில் முனை ஒடிந்திருந்தது. காதில் இருந்த இன்னொன்று எங்கோ விழுந்திருந்தது.

"கடைசிப் பக்கத்துல, பெரிய அடிக்கு முன்னால... ஏழு மூச்சு சும்மா இருக்கணும்."

மேளக்காரர் காதைத் தோலிலிருந்து எடுக்காமலே கேட்டார்: "யாரு சொன்னது? கண்டக்டரா?"

"இல்ல. நான்."

"உன் பென்சில் எங்க?"

"ஒடிஞ்சுபோச்சு."

மேளக்காரர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். எழுபத்து மூன்று பேரும் உட்கார்ந்தாகிவிட்டது. விளக்கு மங்கிக்கொண்டிருந்தது.

"போய்யா, மணி அடிச்சாச்சு" என்றார். அத்தான் பக்கத்துத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

இரண்டாம் பகுதியில் என்னென்ன வாசித்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கடைசிக் காட்சி வந்தது. திரையில் தலைவி, கைப்பிடியை இழுத்து இன்ஜினை நிறுத்துகிறாள். அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. கண்டக்டருக்கு முதுகில் கண் இல்லாததால் இது தெரியாது. அவர் கையை உயர்த்தி, அச்சில் உள்ள அந்தப் பெரிய அடிக்காக முழு உடம்போடு இறக்கினார்.

ஒன்றும் கேட்கவில்லை.

எழுபத்து மூன்று பேர் வில்லையும் குழலையும் அப்படியே வைத்திருந்தார்கள். மேளக்காரரின் இரண்டு குச்சிகளும் தலைக்கு மேலே போயிருந்தன. என் கண் அவர்மேல்தான் இருந்தது. குச்சிகள் இறங்கவில்லை. ஆகாயத்தில் மாட்டின மாதிரி நின்றன. கண்டக்டர் நம்பாமல் இன்னொரு முறை வீசினார். அதற்கும் பலனில்லை. மூன்றாவது முறைக்காகத் தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றுவிட்டன. வாய் திறந்திருந்திருக்கும். எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது. இரண்டாயிரம் பேர் தலைவியோடு சேர்ந்து மூச்சு விட்டார்கள். ஒருவரும் இருமவில்லை. அந்த அரங்கம் கட்டிய நாளிலிருந்து அது நடந்ததில்லை என்கிறார்கள்.

பிறகு புல்லாங்குழல் வந்தது. அதன் பின்னால் மற்ற எல்லோரும், எல்லோருக்கும் பின்னால் கண்டக்டரும். அவர் குழுவை வழிநடத்தினார் என்று சொல்ல முடியாது. ஓடுகிற பேருந்தைத் துரத்தி ஏறிக்கொண்டார் என்று வேண்டுமானால் சொல்லலாம். மேளக்காரரின் அடி அப்போதுதான் விழுந்தது. என் மடியில் இருந்த குழாய் அதிர்ந்தது.

மறுநாள் பத்திரிகையில் வந்த விமர்சனம்: 'காலத்தையே தடுத்து நிறுத்திய கைகள்! எந்தக் கண்டக்டருக்கும் வாய்க்காத துணிச்சல்.' அந்தக் கண்டக்டர் இப்போது செல்லும் இடமெல்லாம் மௌனத்தின் ஆழம் பற்றிச் சொற்பொழிவாற்றுகிறாராம். ரப்பரைப் பற்றிச் சொற்பொழிவில் ஒன்றும் வருவதில்லை. அதுவும் முறைதான். அழித்ததும் தெரியக் கூடாது, எழுதியதும் தெரியக் கூடாது.

அன்று அரங்க வாசலில் பல் டாக்டர் அத்தானைக் கட்டிப்பிடித்து அழுதார். பதினான்கு பேரும் வரிசையாக நின்று காற்றைத் துடைத்தார்கள். அது கேலியில்லை, வணக்கம் என்று நான்தான் அவர் காதில் சொன்னேன். அக்கா விரல்களை மடக்கி எதையோ கணக்குப் போட்டுக்கொண்டே பேருந்து நிறுத்தம் வரை வந்தாள். கடைசியில் அவரே ஆரம்பித்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் ஒரு மாதிரி வர்றே?"

"ஆறுதான் இருந்துச்சு."

"என்னது?"

"மூச்சுங்க. நான் எண்ணினேன். ஆறாவதுலயே புல்லாங்குழல் வந்துடுச்சு. ஒண்ணு குறையுது."

"நான் ஏழுன்னுதான் எழுதினேன்!" அத்தானின் குரல் தெருவுக்கே கேட்டது. "அந்தப் புல்லாங்குழல் அம்மா பயத்துல முதல் மூச்சை முழுங்கியிருப்பா. நான் என்ன பண்றது?"

அக்கா அவருடைய ஏப்ரன் நாடாவில் ஒட்டியிருந்த ரப்பர் துகளை விரலால் தட்டிவிட்டாள்.

"எழுதினது ஏழுதானே? அது போதும். அடுத்த கச்சேரி எப்ப?"

"அடுத்த மாசம். செத்துப்போன ஒருத்தரோடது. இருமல் கூட்டம்தான் வரும்."

"டிக்கெட் எடுத்து வைங்க."

திங்கட்கிழமை அத்தான் வழக்கம்போல அடித்தளத்துக்குப் போய், கழுவின ரப்பர்களை வரிசையாக வைத்து, தாள்களை அழிக்க ஆரம்பித்தார். வில் குறிகள் போயின. மூக்குக் கண்ணாடிகள், இரண்டு வழுக்கைகள் போயின. மேளக்காரரின் தாளைத் திறந்தபோது கடைசிப் பக்கத்தில் நீலப் பேனாவில், தாளே கிழியும்படி அழுத்தி, இரண்டு சாய்ந்த கோடு இருந்தது. பக்கத்தில்: '7. ரப்பர் சொன்னது.'

பேனா. ஒன்றும் செய்ய முடியாது. அத்தான் அதை வெளிச்சத்தில் சாய்த்து வெகுநேரம் பார்த்தாராம். பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அடுத்த ஊரில் மற்ற எல்லோரும் வாசித்துக்கொண்டிருக்க, மேளக்காரர் மட்டும் ஏழு மூச்சு சும்மா நின்றால் குழப்பமாகிவிடும். ஆகவே, ஒழுங்கை முன்னிட்டு மட்டுமே, வேறு எந்த உணர்ச்சியும் இல்லாமல், மற்ற நாற்பத்தைந்து தாள்களிலும் அந்த இரண்டு கோடுகளை விட்டுவைத்தார்.

இரண்டு வாரத்தில் இசை நிறுவனத்திலிருந்து கண்டனக் கடிதம் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் கடிதம். 'தங்கள் குழு திருப்பியனுப்பிய தாள்களில் பென்சில் குறிகள் நீக்கப்படவில்லை. ஒரு தாளில் பேனாவும் காணப்படுகிறது. புல்லாங்குழல் தாளில் எங்களுக்கு விளங்காத ஒரு வாசகமும் உள்ளது.' மேனேஜர் அம்மா அதை அத்தானிடம் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்துப் பதில் எழுதச் சொன்னார். அக்கா அதை வாங்கிப் படித்துவிட்டு, குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டாள். இப்போது வியாழக்கிழமைகளில் ரசிகர் வட்டம் எங்கள் வீட்டில்தான் கூடுகிறது; வருகிறவர்களுக்கெல்லாம் அதுதான் முதலில் காட்டப்படுகிறது.

புல்லாங்குழல் தாளில் என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்டேன். அத்தான் கொஞ்சம் நெளிந்தார். பிறகு சொன்னார். அழுத்தமான 2பி பென்சிலில், தன் வாழ்நாளிலேயே நீளமாக எழுதியது அதுதானாம்:

'ஏழு. ஆறு இல்லை. வீட்டில் எண்ணிப் பார்த்தாகிவிட்டது.'